கொப்பியை மூடிய பிறகு தொடங்கும் படிப்பு: திருகோணமலையின் சாதாரண தர, உயர்தர மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். இரண்டரைக்கு ரியூசன். கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ நகரத்துக்கு வந்து படிக்கும் பிள்ளை வீடு போய்ச் சேர ஏழு மணியாகிவிடும். குளித்துச் சாப்பிட்டுக் கொப்பியை விரித்தால் எட்டு. அன்று எழுதிய பதினான்கு பக்கத்தை ஒருமுறை வாசித்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசி, இன்றைய பாடம் முடிந்தது என்று மூடிவைத்துவிட்டுப் படுக்கும். ஆறு வாரம் கழித்துத் தவணைப் பரீட்சையில் அதே பகுதியில் கேள்வி வரும்போது அந்தப் பக்கம் கண்ணுக்குள் தெரியும். மஞ்சள் கோடு எந்த மூலையில் கிடந்தது என்பதுகூட ஞாபகம் வரும். அதில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வராது.

இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது, மறதி நோயும் இல்லை. ஒரு பக்கம் கண்ணுக்குப் பழகிப்போவது வேறு, அதிலுள்ளதை வேண்டிய நேரத்தில் மனதிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. திரும்பத் திரும்ப வாசித்தால் முதலாவதுதான் வளரும். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை வாசித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னின்றார்கள்: 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. பரீட்சை எப்போதும் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. இந்த வழிகாட்டியில் உள்ள முறைகள் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன.

முதலில் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள்

புதிய நேரசூசி போடுவதற்கு முன் பழைய வாரம் எங்கே போகிறது என்று தெரியவேண்டும். ஒரு சிறு கொப்பியில் ஏழு நாளும் மூன்று எண்களை மட்டும் குறியுங்கள்: ஒருவர் படிப்பிக்கக் கேட்டிருந்த மணித்தியாலம் (பாடசாலை, ரியூசன், யூடியூப் எல்லாம் சேர்த்து), கொப்பியைத் திறந்துவைத்து வாசித்த மணித்தியாலம், கொப்பியை மூடிவைத்து எழுதிய அல்லது கணக்குச் செய்த மணித்தியாலம்.

பெரும்பாலான உயர்தர மாணவருக்கு முதல் எண் மிகப் பெரிதாகவும் மூன்றாவது எண் வாரத்துக்கு இரண்டு மூன்றாகவும் இருக்கும். ஒரே பாடத்துக்கு இரண்டு ரியூசன் சேரிடம் போகிறவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு பாடத்துக்கு வகுப்பில் இரண்டு மணித்தியாலம் இருந்தால், அதே வாரத்தில் அந்தப் பாடத்தைக் குறைந்தது ஒரு மணித்தியாலம் மூடிய கொப்பியோடு செய்ய நேரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த இரண்டாவது வகுப்பை விடுவதே லாபம். பெற்றோருக்கு இது ஏற்கக் கடினமான ஆலோசனை என்பது தெரியும். காசு கட்டிய வகுப்புக்குப் போனால் பிள்ளை படிக்கிறது என்று ஒரு நிம்மதி, வீட்டு மேசையில் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தால் அந்த நிம்மதி வராது.

வெற்றுத்தாள்: ஒரு நாளைக்கு இருபது நிமிடம்

எல்லா முறைகளிலும் செலவு குறைந்தது இது. ஒரு பாடத்தை எடுத்த அன்றிரவே செய்யவேண்டும். மறுநாள் பின்னேரத்துக்குத் தள்ளினால் எழுத ஒன்றும் மிஞ்சியிராது. புதிதாகக் கேட்டது முதல் சில மணித்தியாலத்தில்தான் மிக வேகமாகக் கரையும் என்று 1885இலேயே ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் தன்னையே வைத்துச் சோதித்து எழுதிவிட்டார்.

செய்யும் விதம்:

1. ஏ4 தாள் ஒன்றை எடுத்து மேலே திகதியும் தலைப்பும் எழுதுங்கள். கொப்பி மேசையில் இருக்கக்கூடாது, பைக்குள் போகட்டும்.
2. எட்டு நிமிடம், நீலப் பேனை. அன்று படித்ததில் வருவதையெல்லாம் எழுதுங்கள், படம் கீறுங்கள், சமன்பாடு போடுங்கள். ஒழுங்கு தேவையில்லை, அழகு தேவையே இல்லை.
3. மூன்றாவது நிமிடத்தில் ஒன்றும் வராமல் நிற்கும். அங்கேதான் பெரும்பாலானோர் பைக்குள் கையை விடுகிறார்கள். நிற்கட்டும். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தால் பாதி வரும். அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது.
4. பிறகு கொப்பியைத் திறந்து ஏழு நிமிடம், சிவப்புப் பேனை. பிழையைத் திருத்துங்கள், விடுபட்டதைச் சேருங்கள்.
5. கடைசி ஐந்து நிமிடத்தில் தாளின் பின்பக்கம் ஐந்து கேள்விகள். விடை வேண்டாம், கேள்வி மட்டும். சிவப்பில் வந்த இடங்களிலிருந்தே எடுங்கள்.

பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, சிவப்புப் பேனையால் கொப்பி முழுவதையும் பார்த்தெழுதுவது. விடுபட்டதைச் சுருக்கமாக ஒரு சொல்லில், ஒரு அம்புக்குறியில் சேர்த்தால் போதும். மற்றது, முதல் வாரத்தில் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருப்பதைப் பார்த்து மனம் உடைவது. முதல் நாளில் அப்படித்தான் இருக்கும். தாள்களைத் திகதி வரிசையில் கோப்பிலிட்டு வாருங்கள். நான்காவது வாரத்தில் நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள அளவை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்பக்கக் கேள்விகளில் "ஏன்" என்று தொடங்குபவை கூடுதலாக இருக்கட்டும். வரலாற்றில் "பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றிய ஆண்டு எது?" என்றால் 1795 என்று ஒரு எண்ணோடு முடிந்துவிடும். "இலங்கையில் ஒல்லாந்தரிடமிருந்து முதலில் இந்தத் துறைமுகத்தை ஏன் எடுத்தார்கள்?" என்று கேட்டால், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவில் கப்பல்களுக்குப் பாதுகாப்பான இடம் அரிது, பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது என்று காரணங்கள் கோத்து வரும். உட்துறைமுக வீதியில் தினமும் போய்வரும் பிள்ளைக்கு இந்த விடை மறக்காது. கேள்வியில் காரணம் இருந்தால் எண்ணும் அதனோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மட்டைப் பெட்டி

வெற்றுத்தாள் அன்றைய பாடத்துக்கு. பதின்மூன்றாம் தரத்தில் பரீட்சைக்கு உட்காரும்போது பன்னிரண்டாம் தரத்து முதல் தவணைப் பாடமும் கையில் இருக்கவேண்டும். அதற்கு இடைவெளி விட்டு மீட்டும் ஒழுங்கு தேவை. எவ்வளவு இடைவெளி என்பது பரீட்சைக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008இல் 1,350க்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வொன்றில், சோதனை ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஒரு வருடத்தில் என்றால் மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. எல்லாவற்றையும் தினமும் மீட்டுவது நேர விரயம். கடைசி மாதத்தில் மட்டும் மீட்டுவது அதைவிட மோசம்.

சப்பாத்துப் பெட்டி ஒன்றும் பிறிஸ்டல் மட்டையும் போதும். ஏ4 அளவு மட்டையை மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 சதம மீற்றருக்குப் பத்தரை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. வெறும் கொப்பித் தாளில் எழுதினால் பின்பக்க விடை ஊடே தெரியும். பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது திங்களும் வியாழனும், மூன்றாவது ஞாயிறு, நான்காவது மாதத்தில் 1ஆம், 15ஆம் திகதி, ஐந்தாவது போயா நாள். போயா எப்படியும் மாதத்துக்கு ஒருமுறை வரும் விடுமுறை, நாட்காட்டியில் அடையாளமும் போட்டிருக்கும், தனியாக நினைவு வைக்கத் தேவையில்லை.

புதிய மட்டை முதல் அறைக்குப் போகும். விடை சரியென்றால் அடுத்த அறை. பிழையென்றால், ஐந்தாம் அறையில் இருந்தாலும், முதல் அறைக்குத் திரும்பவேண்டும். "தெரியும், வாயில்தான் வரவில்லை" என்பதும் பிழைதான்.

ஒரு நாளைக்கு ஆறு புதிய மட்டைக்கு மேல் எழுதாதீர்கள். மூன்று பாடம், பாடத்துக்கு இரண்டு. குறைவாகத் தெரியும், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு வீதம் போனால் ஞாயிறு அறையில் நாற்பத்திரண்டு சேரும், 1ஆம் திகதி தொண்ணூறு, போயா நாளில் நூற்றெண்பது. ஒரு மட்டைக்குப் பத்து விநாடி என்றால் நூற்றெண்பதுக்கு அரை மணித்தியாலம். இருபது மட்டை வீதம் எழுதத் தொடங்கினால் போயா நாள் அறுநூறு மட்டையோடு வரும். அன்றோடு பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். இந்த முறையை விட்டவர்களில் பலர் விட்டது இந்த இடத்தில்தான்.

மட்டையில் என்ன எழுதுவது என்பது இன்னொரு விடயம். "இலைவாய் பற்றி விளக்குக" என்று எழுதினால் அது மட்டை இல்லை, கட்டுரை. பாதி சொன்னால் சரியா பிழையா என்று தீர்க்க முடியாது. அதையே உடைக்கவேண்டும்: "காவற்கலத்துக்குள் பொற்றாசியம் அயன் புகுந்தால் அடுத்து நடப்பது என்ன?" பின்பக்கம்: "நீர் உள்ளே வரும், கலம் வீங்கும், இலைவாய் திறக்கும்." ஒரு மட்டைக்கு ஒரு கேள்வி, இரண்டு வரிக்குள் விடை. விளங்காத பாடத்துக்கு மட்டை எழுதவே வேண்டாம். விளங்காததைப் பாடமாக்கினால் கேள்வியில் ஒரு சொல் மாறியதும் எல்லாம் கலைந்துவிடும்.

கைத்தொலைபேசியில் இதையே செய்யும் ஆன்கி என்ற செயலி உண்டு, அன்ட்ரோயிட்டில் இலவசம். நாளைக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் தொலைபேசியைக் கையில் எடுத்தால் வட்ஸ்அப்பும் கூடவே வரும் என்பவர்களுக்குச் சப்பாத்துப் பெட்டிதான் நல்லது. மூதூர் பஸ்ஸில் போகவர மட்டைக் கட்டொன்றை றப்பர் வளையம் போட்டுச் சட்டைப்பையில் வைத்தால் அன்றைய முதல் அறை பஸ்ஸிலேயே முடியும்.

கணக்கும் பௌதிகமும்: கலந்து செய்யுங்கள்

இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலின் கணிப்புக் கேள்விகளுக்கும் மட்டை அவ்வளவு உதவாது. இங்கே பிரச்சினை வேறு. ரியூசனில் ஒரு அலகு முடிந்ததும் அதே அலகில் முப்பது கணக்கு. பத்தாவதிலிருந்து கை தானாக ஓடும். பிள்ளை "இந்த அலகு எனக்குத் தண்ணி" என்று நினைக்கும். ஆனால் அங்கே எந்த முறையைப் பயன்படுத்துவது என்று பிள்ளை தீர்மானிக்கவே இல்லை, பக்கத்தின் மேலிருந்த தலைப்பு தீர்மானித்தது. பரீட்சைத் தாளில் தலைப்பு இருக்காது.

நல்ல உதாரணம்: கயிற்றில் தொங்கும் மரக்கட்டைக்குள் குண்டு பாய்ந்து பதிகிறது, பிறகு கட்டை மேலே ஆடுகிறது. எவ்வளவு உயரம்? உந்தக் காப்பு அலகுக்குள் இந்தக் கணக்கு வந்தால் உந்தம் போடுவார்கள், சக்திக் காப்பு அலகுக்குள் வந்தால் சக்தி போடுவார்கள். தனியாக வந்தால், மோதலின்போது உந்தம்தான் காக்கப்படும், பொறிமுறைச் சக்தி வெப்பமாகப் போய்விடும், மோதல் முடிந்து ஆடும்போதுதான் சக்திக் காப்பு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். தொடக்கத்திலிருந்தே சக்திச் சமன்பாடு போட்டு, குண்டின் இயக்கச் சக்தி முழுவதையும் உயரமாக மாற்றிவிடுவதுதான் வழக்கமான பிழை. கணிதம் தெரியாததால் வருவதில்லை அது, எதை எங்கே போடுவது என்று தேர்ந்தெடுத்துப் பழகாததால் வருவது.

றோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முதலாமவருக்கு 20, கலந்து செய்தவருக்கு 63. கலந்து செய்யும்போது பிழை கூடும், வேகம் குறையும், மனம் எரிச்சல்படும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஒழுங்கு இப்படி: புதிய அலகில் முதல் எட்டுப் பத்துக் கணக்கை ஒன்றாகவே செய்யுங்கள், அடிப்படை பிடிபடவேண்டும். அதன் பிறகு தினமும் ஆறு கணக்கு: இரண்டு இந்த அலகில், இரண்டு போன மாதத்து அலகில், இரண்டு மிகப் பழையதில். இலக்கங்களைச் சிறு துண்டில் எழுதி ஒரு பேணிக்குள் போட்டுக் குலுக்கி எடுங்கள். வரிசை உங்களுக்கே தெரியக்கூடாது.

செய்து காட்டிய கணக்கைப் படிக்கும்போது விடையை ஒரு தாளால் மூடி, வரி வரியாகக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன் "அடுத்து என்ன செய்வார்?" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கவேண்டும். ஒரு கணக்கில் சிக்கினால் பதினைந்து நிமிடம் போராடுங்கள். பிறகு விடையின் முதல் வரியை மட்டும் பார்த்து மூடுங்கள். முழு விடையையும் பார்த்து "ஓ, இவ்வளவுதானா" என்று தலையாட்டிய கணக்கு செய்த கணக்கு ஆகாது. இரண்டு நாள் கழித்து வெறும் தாளில் முதலிலிருந்து செய்து முடித்தால்தான் அதற்குச் சரி அடையாளம்.

பிழைக் கொப்பி

இதற்கு மட்டும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். பக்கத்தை நான்கு நிரலாகப் பிரித்து: திகதி, எந்தத் தாளில் எத்தனையாம் வினா, பிழையின் வகை, அடுத்த முறை செய்யவேண்டியது.

வகைக்கு நான்கு எழுத்துப் போதும். வி என்றால் பாடம் விளங்கவில்லை. ம என்றால் தெரிந்திருந்து மறந்தது. வா என்றால் வினாவைச் சரியாக வாசிக்கவில்லை: "தவறான கூற்று எது" என்பதைச் "சரியான" என்று எடுத்தது, சதம மீற்றரை மீற்றராக மாற்ற விட்டது. நே என்றால் நேரம் போதவில்லை. நான்காம் நிரலில் "கவனமாக இருக்கவேண்டும்" என்று எழுதத் தடை. அது ஒன்றும் சொல்லாத வசனம். "அலகுகளை வினாவிலேயே வட்டமிடு", "அல்ல, தவறான என்ற சொற்களுக்குக் கீழ் கோடிடு" என்று கை செய்யக்கூடிய வேலையாக எழுதுங்கள்.

மாத முடிவில் எண்ணுங்கள். வி கூடினால் அந்த அலகுக்கு ஆசிரியரிடம் போகவேண்டும். ம கூடினால் மட்டைப் பெட்டியில் ஏதோ பிசகு. வா, நே கூடினால் இன்னொரு ரியூசன் வகுப்பு அதைத் தீர்க்காது, நேரம் வைத்துத் தாள் செய்வதுதான் தீர்க்கும். குறைந்த புள்ளிக்கு எல்லோரும் ஒரே மருந்து தேடுகிறார்கள், புதிய சேர். பிழைக் கொப்பி இருந்தால் எந்த நோய் என்று முதலில் தெரியும்.

யூடியூப் பார்க்கிறவர்கள் கவனிக்க

தமிழ் மொழிமூல மாணவருக்கு இணையத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக் காணொளி. விளக்கம் நன்றாக இருக்கும், சொல் வேறாக இருக்கும். அவர்கள் இயற்பியல் என்பது நமது பௌதிகவியல், வேதியியல் என்பது இரசாயனவியல், எலக்ட்ரான் என்பது இலத்திரன், செல் என்பது கலம். இவை தொல்லையில்லை, கேட்டதும் தெரிந்துவிடும். தொல்லை தருவன ஒரே சொல் இரண்டு பொருளில் வருபவை. அங்கே அழுத்தம் என்றால் நமது அமுக்கம். நமது பாடநூலில் மின்னியலில் அழுத்த வித்தியாசம் என்பது வேறு விடயம். அங்கே ஆற்றல் நமக்குச் சக்தி, அங்கே திறன் நமக்கு வலு. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் கீறி இவற்றை எழுதிவாருங்கள். விடைத்தாளில் நமது பாடநூல் கலைச்சொல்லையே எழுதுங்கள்.

காணொளியை நிறுத்தாமல் பார்ப்பதும் ரியூசனில் தூங்குவதும் ஒன்றுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூன்று வரி எழுதமுடியாவிட்டால் பின்னால் போங்கள்.

கடந்தகால வினாத்தாள்: இரண்டு கட்டமாக

பாஸ் பேப்பர் எல்லோரிடமும் இருக்கிறது. புத்தகக் கடையில் விடையோடு கட்டி விற்கிறார்கள், அதுதான் பிரச்சினையும். விடை பக்கத்திலேயே இருந்தால் கண் அங்கே போகும். வாங்கியதும் விடைப் பகுதியைப் பிரித்து வேறாகக் கட்டிவையுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம் கிடைத்தால் அதையே நம்புங்கள். தனியார் விடைகளில் பிழை உண்டு.

உயர்தரத்தின் இப்போதைய பாடத்திட்டத்தில் முதற் பரீட்சை 2019இல் நடந்தது. அதற்கு முந்திய தாள்களும் பயிற்சிக்கு நல்லவை, ஆனால் நீக்கப்பட்ட பகுதிகள் அவற்றில் வரும். பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு முதலிலேயே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வராத பகுதிக்கு ஒரு வாரம் போகும்.

முதற் கட்டத்தில், அலகு முடிய முடிய, பழைய தாள்களில் அந்த அலகின் வினாக்களை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். நேரம் வைக்கத் தேவையில்லை. மிகக் கிட்டிய மூன்று ஆண்டுத் தாள்களை மட்டும் தொடாமல் ஒளித்துவையுங்கள். இரண்டாம் கட்டம் பரீட்சைக்கு மூன்று மாதம் முன் தொடங்கும். வாரத்துக்கு ஒரு முழுத்தாள், மணிக்கூட்டோடு, பரீட்சை நடக்கும் அதே நேரத்தில், மின்விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒளித்துவைத்த மூன்று தாளும் கடைசி மாதத்துக்கு.

நேரத்தை முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கவேண்டும். இணைந்த கணிதத்தில் ஒரு தாளுக்கு மூன்று மணித்தியாலம். பகுதி 'அ'வில் பத்து வினா, ஒவ்வொன்றும் 25 புள்ளி. பகுதி 'ஆ'வில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் 150. பகுதி 'அ'வுக்கு வினாவுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஐம்பது, பகுதி 'ஆ'வுக்கு இருபத்தைந்து வீதம் நூற்றிருபத்தைந்து, மீதி ஐந்து நிமிடம் சரிபார்க்க. 25 புள்ளிக் கணக்கொன்றில் பிடிவாதமாகக் கால் மணித்தியாலம் நிற்பவர் 150 புள்ளிக் கணக்கின் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறார்.

பௌதிகவியல் பல்தேர்வில் 120 நிமிடத்துக்கு ஐம்பது வினா. எல்லாவற்றுக்கும் சமமாக ஏறக்குறைய இரண்டரை நிமிடம் என்று பிரிப்பது பிழை, சில வினா இருபது விநாடியில் முடியும். மூன்று சுற்றாகப் போங்கள். முதற் சுற்றில் பார்த்ததும் தெரிந்தவை, நாற்பது நிமிடத்துக்குள் கடைசி வினா வரை போய்விடவேண்டும். இரண்டாம் சுற்றில் கணிக்கவேண்டியவை. மூன்றாம் சுற்றில் மிஞ்சியவை. பிழை விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, எனவே ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். விடைத்தாளில் ஒரு வரி மாறிக் குறியிட்டால் அதற்குக் கீழே எல்லாம் பிழைக்கும். பத்து வினாவுக்கு ஒருமுறை இலக்கத்தை ஒப்பிடுங்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பது வினா, அங்கே இரண்டு சுற்றுப் போதும்.

வெயில், சத்தம், தூக்கம்

சித்திரை பிறந்தால் ஆவணி வரை திருகோணமலையில் மத்தியான நேரத்தில் தகரக் கூரையின் கீழ் ஒருவராலும் படிக்கமுடியாது. கச்சான் காற்று வீசும் நாளில் மேசைத் தாளும் நிற்காது. அந்த நேரத்தோடு மல்லுக்கட்டாமல் கடினமான வேலையை, அதாவது கலந்த கணக்கையும் வெற்றுத்தாளையும், அதிகாலை 5 முதல் 6.30க்குள் அல்லது இரவு 8 முதல் 10க்குள் வையுங்கள். விடுமுறை நாளில் மத்தியானம் மட்டை பார்க்க, தாள் கோப்பிலிட, பொது நூலகத்துக்குப் போய்வர. கோயில் திருவிழா நாளில் ஒலிபெருக்கி பத்து மணி வரை போனால் பாடமாக்கும் வேலையை விட்டுக் கை ஓடும் வேலையை எடுங்கள். பாட்டோடு கணக்குச் செய்யலாம், பாட்டோடு வரைவிலக்கணம் பாடமாகாது.

நாலு மணிக்கு எழும்பிப் படித்தால் தலையில் நிற்கும் என்பது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது. எட்டரை ஒன்பதுக்குப் படுத்தால் அது சரி. பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுப்பினால் ஐந்து மணித்தியாலம்தான் தூக்கம். பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் படிக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மறுநாள் வகுப்பில் வட்டியோடு கட்டவேண்டிவரும்.

தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற பிரிப்பு தொடங்கச் சிரமப்படுபவர்களுக்கு உதவும். மூன்று மணித்தியாலத் தாள் எழுதப் பழகவேண்டிய கடைசி மாதங்களில் அதை ஐம்பதுக்குப் பத்தாக நீட்டுங்கள். ஓய்வில் தொலைபேசியை எடுத்தால் ஓய்வு அரை மணித்தியாலமாகும். எழுந்து முற்றத்தில் நடங்கள்.

சிலர் தம்மைக் "கேட்டுப் படிக்கும் வகை", "பார்த்துப் படிக்கும் வகை" என்று பிரித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிரித்துப் படிப்பித்தால் பலன் கூடும் என்பதற்கு 2008இல் தேடிப் பார்த்த உளவியலாளர்களுக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. பாடத்துக்கு எது பொருத்தமோ அதைச் செய்யுங்கள். படம் கீறவேண்டிய பாடத்தில் எல்லோரும் படம் கீறத்தான் வேண்டும்.

இரண்டு பேராகப் படிப்பது

இரண்டு பேர், கூடினால் மூன்று. நான்காவது ஆள் வந்தால் அது கடற்கரைச் சந்திப்பு. ஒருவர் கொப்பி இல்லாமல் ஏழு நிமிடம் படிப்பிக்கவேண்டும், மற்றவர் கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு பிழை பிடிக்கவேண்டும், இடையில் திருத்தக்கூடாது. முடிந்ததும் மூன்று கேள்வி. பிறகு மாற்றம். கெட்டிக்காரப் பிள்ளையே எப்போதும் படிப்பித்துக்கொண்டிருந்தால் லாபம் முழுக்க அவருக்குத்தான். கேட்டுக்கொண்டிருப்பவர் இன்னொரு ரியூசன் வகுப்பில் இருக்கிறார், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு வாரம்

புதிய அலகு தொடங்கவேண்டாம். பிழைக் கொப்பியை முதற் பக்கத்திலிருந்து எடுத்து, வி என்றும் ம என்றும் குறித்தவற்றை வெறும் தாளில் மறுபடி செய்யுங்கள். மட்டைப் பெட்டியில் முதல் இரண்டு அறை மட்டும் தினமும். பழைய வெற்றுத்தாள்களின் பின்பக்கக் கேள்விகள் இப்போதுதான் பொன். தலைப்பைப் பார்க்காமல் கேள்வியை மட்டும் வாசித்து வாயால் விடை சொல்லுங்கள். யாரோ கொண்டுவரும் "எதிர்பார்க்கை வினாத்தாள்" வட்ஸ்அப்பில் சுற்றும். நேரம் இருந்தால் அதையும் ஒரு பயிற்சித் தாளாகச் செய்யலாம், அதை நம்பி மற்றதை விடக்கூடாது.

முதல்நாள் பின்னேரம் அனுமதி அட்டை, தேசிய அடையாள அட்டை, ஏற்கனவே எழுதிப் பழகிய இரண்டு பேனை, முள் மணிக்கூடு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஒரே பையில். மழைக்காலத்தில் வரும் பரீட்சையென்றால் அட்டைகளைப் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள், முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள். மண்டபத்தில் தரும் மேலதிக வாசிப்பு நேரத்தில் தெரிவு வினாக்களைத் தீர்மானித்துவிடுங்கள், எழுதத் தொடங்கிய பின் மாற்றினால் முதல் வினாவில் எழுதிய பத்து நிமிடம் போனதுதான். முதலாம் தாள் முடிந்து வெளியே வந்ததும் மதிலோரம் கூடி விடை ஒப்பிடுவார்கள். அங்கே நிற்காமல் சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போங்கள். இரண்டாம் தாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.